கம்போடியா குழந்தைகள் மருத்துவ ஊழியப் பயணம், ஆறு நாள்: போய் வந்த ஒரு மிஸியின் கருத்து

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தமிழ்ச் சபைகள் சில சேர்ந்து, வருஷத்துக்கு ஒரு தடவை கம்போடியாவுக்குக் குழந்தைகள் மருத்துவ ஊழியப் பயணம் ஏற்பாடு செய்கின்றன. ஆறு நாள், ஆளுக்கு 1,950 வெள்ளி (ரிங்கிட்). போன செப்டம்பர் பள்ளி விடுமுறையில் நானும் போய் வந்தேன். அதிலிருந்து சந்தைக்குப் போனாலும் சபைக்குப் போனாலும் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்கிறார்கள்: "மிஸி, காசு கட்டிப் போகலாமா? நம்ம பிள்ளைங்களை அனுப்பலாமா?" ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். போகலாம். ஆனால் சில காரியங்களை ஏற்பாட்டாளர்கள் மாற்றியே ஆக வேண்டும்.

நான் 31 வருஷம் அரசாங்க மருத்துவமனையில், பெரும்பாலும் பிள்ளைகள் வார்டில், தாதியாக இருந்தவள், அதனால்தான் எல்லாருக்கும் மிஸி. என் அப்பா தோட்டத்து டிரசர். தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இலேயே தனிச் சட்டம் வந்த நாடு இது. அந்தச் சட்டப்படி பதிவான ஆள் அவர். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்து ரப்பர்ப் பால்வெட்டுக்கு ஆட்கள் போனதும் அப்பா நேரே, அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டாய்க்குப் போவார். ஒவ்வொரு பிள்ளையின் கீழ் இமையையும் இழுத்து நிறம் பார்ப்பார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், நீலக் கோட்டு நோட்டில் எழுதுவார். நேற்று பேதியான பிள்ளை இன்று எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் நேற்றும் அவர் அங்கே இருந்தார். இந்தப் பயணத்தை நான் அந்த நோட்டை மனசில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

முதலில் பயிற்சி. புறப்படுவதற்கு முன் மூன்று சனிக்கிழமை சபை மண்டபத்தில் நடந்தது. ஈப்போவிலிருந்து வந்த ஒரு குழந்தை மருத்துவர் நடத்தினார். இந்தப் பகுதிக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். வாலிபர்களை வெறும் பாட்டுப் பாடவும் பலூன் ஊதவும் மட்டும் வைக்கவில்லை. ஒரு பிள்ளையின் மூச்சை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணச் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயசுக்குள் என்றால் நிமிஷத்துக்கு 50, ஒன்றிலிருந்து ஐந்து வயசுக்குள் என்றால் 40. அதைத் தொட்டாலே சளிக்காய்ச்சல் நுரையீரலுக்கு இறங்கியிருக்கலாம் என்று மருத்துவரிடம் கொண்டு வர வேண்டும். ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். ஐந்தாம் படிவப் பையன்கள் மண்டபத்தில் தூங்கிக்கொண்டிருந்த கைப்பிள்ளைகளின் வயிற்றைப் பார்த்து உதடசைத்து எண்ணினார்கள். எத்தனையோ தாதி மாணவிகளை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இவர்கள் குறைவில்லை.

அதே வகுப்பில்தான் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் பற்றியும் சொன்னார்கள். 1971-இல் வங்கதேசப் போர் சமயம், இந்திய எல்லையோரம் பன்காவ் அகதி முகாமில் காலரா. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. அவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4-க்கும் கீழே இறங்கியது. வார்டில் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீரைக் கரைத்துக் கொடுத்த எனக்கு, அந்த மனிதரின் பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் மருந்து கட்டும் இரவு. இங்கேதான் என் வருத்தம் தொடங்குகிறது. சபையார் அன்பாகக் கொண்டுவந்து குவித்திருந்தார்கள், அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தேதி முடிந்த இருமல் மருந்து, பாதி குடித்த வைட்டமின் பாட்டில், பெரியவர்களுக்கான வலி மாத்திரை எல்லாம் அதில் இருந்தன. பொடியாக வரும் அமாக்சிசிலின் சிரப் 40 பாட்டில். தண்ணீர் கலந்துவிட்டால் அதைக் குளிரில் வைக்க வேண்டும், சில நாளில் கெட்டுவிடும். ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில் அதை எங்கே வைப்பார்கள்? தண்ணீரில் கரையும் 250 மில்லிகிராம் மாத்திரையாக வாங்கியிருந்தால் இடமும் மிச்சம், பயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் பிள்ளைகளின் நிமோனியாவுக்கு அதைத்தான் சொல்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அதாவது பேதிக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் அந்த உப்பு, குளுக்கோஸ் பொடி. நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 250 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலம். நாங்கள் போன இடத்துச் சுகாதார நிலையத்தில் கொடுப்பது ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பொட்டலம். இரண்டையும் கலந்து கொடுத்தால் என்ன ஆகும்? சின்னப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் போட்டால் பலன் இல்லை. பெரிய பொட்டலத்தை ஒரு கிளாஸில் போட்டால் உப்பு ஏறி, ஏற்கெனவே வறண்ட பிள்ளைக்கு ஆபத்து. எங்கள் பைகளில் சின்னது 300 இருந்தது. அதை விநியோகிக்க வேண்டாம் என்று நான் சண்டை போட வேண்டியிருந்தது. கடைசியில் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் அது கிளம்புவதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

பயணம், தங்கல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம். சியாம் ரியப்பின் புது விமான நிலையம் 2023-இல் திறந்தது, ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. அதனால் அந்த வேன் பயணத்தையும் கணக்கில் வையுங்கள். தங்கிய விடுதி சுத்தம், மின்விசிறி ஓடும். சோறும் மீனும் நம் நாக்குக்குப் பழகியதுதான். காரம் வேண்டுமென்றால் ஊறுகாய் எடுத்துப் போங்கள்.

இனி கிளினிக். மூன்று நாளில் மூன்று கிராமம், தொன்லே சாப் ஏரிப் பக்கம். மழைக்காலத்தில் அந்த ஏரி பல மடங்கு விரிந்து வயலுக்குள் வந்துவிடும். வீடுகள் கால் வைத்து உயரமாக நிற்கும். முதல் நாள் ஒரு வீட்டுக்கு அடியில் உத்தரத்தில் தொங்கு தராசைக் கட்டினோம். அதோடு வரும் கால்சட்டைப் பையில் போட்டாலே பிள்ளைகள் கத்தினார்கள். அந்த வீட்டு அம்மா ஒரு கைலியைக் கொண்டுவந்து ஏணை மாதிரி முடிச்சுப் போட்டுக் கொக்கியில் மாட்டினார். அதற்கப்புறம் அழுகை இல்லை. சிலது அதிலேயே கண்ணை மூடிவிட்டது.

இரண்டரை வயசுப் பெண் பிள்ளை ஒன்று பாட்டி இடுப்பில் வந்தது. தாயும் தகப்பனும் தாய்லாந்தில் வேலை. சளி என்று கூட்டி வந்திருந்தார். எனக்கு அந்தக் கையைப் பார்த்ததும் சளி மறந்துபோனது. இடது கையை மடக்கி, தோள் முனையிலிருந்து முழங்கை வரை நூல் பிடித்து, அதை இரண்டாக மடித்து நடுவில் பேனாப் புள்ளி வைத்தேன். கையைத் தொங்கவிட்டு, கலர் நாடாவைச் சுற்றினேன். இறுக்கவும் கூடாது, தொளதொளவென்றும் விடக்கூடாது. 12.5 சென்டிமீட்டருக்கு மேல் பச்சை, 11.5 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு, அதாவது கடுமையான சத்துக்குறைவு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயசுக்குள்ளான பிள்ளைகளுக்கு உலகம் பூராவும் இதே கணக்கு. நாடாவில் 11.2 காட்டியது. தவறாக இருக்குமோ என்று அவிழ்த்து மறுபடி சுற்றினேன். 11.2 தான். இரண்டு பாதத்தையும் கட்டை விரலால் மூன்று விநாடி அழுத்தினேன், குழி விழவில்லை. வீக்கம் இல்லை, அது ஒரு ஆறுதல்.

மொழிபெயர்க்க வந்த தம்பி அந்த ஊர்ச் சபைப் பையன். இருபத்திரண்டு வயசிருக்கும். அவர் பாட்டியிடம் மெதுவாகப் பேசினார். பாட்டி பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் காட்டினார். அங்கே ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஐடிபுவர் என்று ஓர் அட்டை கொடுக்கிறது, அதைக் காட்டினால் அரசுச் சுகாதார நிலையத்தில் இலவசம். "அப்படியென்றால் ஏன் போகவில்லை?" என்று கேட்டேன். வண்டிக் கூலி. அவ்வளவுதான் காரணம். தம்பி ஒரு ரெமோர்க் வண்டி பிடித்தார், நானும் கூடவே ஏறிக்கொண்டேன். பலகையில் எழுதியிருந்ததை அவர் வாசித்துக் காட்டினார்: மண்டோல் சொக்கபியப், அதாவது சுகாதார நிலையம். மண்டலமும் சுகமும் என் காதில் அப்படியே விழுந்தன. அங்கே உள்ள தாதி பிள்ளைக்கு ஒரு சத்து வேஃபரைக் கொடுத்து, சாப்பிடுகிறதா என்று பார்த்தார். அதற்குப் பசிச் சோதனை என்று பெயர். சாப்பிட்டால் வீட்டிலேயே வைத்துத் தேற்றலாம், சாப்பிடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தின்றது. வாரா வாரம் வரச் சொல்லி, வேஃபர் கொடுத்து அனுப்பினார்.

நான் திரும்பி வந்தபோது அன்றைய கிளினிக் முடிந்து, 140 பேரைப் பார்த்ததாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த 140-இல் எத்தனை பேர் மறுபடி யாராவது பார்க்கப்போகிற பிள்ளைகள் என்று அந்தத் தாளில் இல்லை. புழு மாத்திரையும் அப்படித்தான். 600 கொண்டுபோனோம், ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே அரசாங்கம் கொடுத்துவிட்டிருந்தது. சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு வேலை தொடங்கிய மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார், பிற்பாடு சாலையோரக் கிளினிக் நடத்தியபோது வாரம் தவறாமல் அதே வழியில் போய் நின்றார். ஜனங்கள் காத்திருந்தது அந்த நம்பிக்கையில்தான். வருஷத்துக்கு ஒரு ஊர் மாற்றிக்கொண்டே போனால் யாரும் நமக்காகக் காத்திருக்க மாட்டார்கள். மூன்று கிராமம் வேண்டாம். ஒரே கிராமம், ஒவ்வொரு வருஷமும், அந்தச் சுகாதார நிலையத்தோடு சேர்ந்து. ஏற்பாட்டாளர்களிடம் நான் கெஞ்சிக் கேட்டது இது ஒன்றுதான்.

சுவிசேஷப் பகுதி எப்படி என்று சிலர் கேட்கிறார்கள், சிலர் சந்தேகத்தோடும் கேட்கிறார்கள். மருந்து வாங்க யாரும் கதை கேட்க வேண்டியதில்லை. கிளினிக் ஒரு பக்கம், பாட்டும் நாடகமும் இன்னொரு பக்கம், வருகிறவர் வரலாம். அது சரியாகவே நடந்தது, நான் நின்று பார்த்தேன். நாடகம், செத்துப்போன பிள்ளையை இயேசு எழுப்பிய யவீருவின் மகள் கதை. பிள்ளை எழுந்து நின்றதும் வாலிபர்கள் கைதட்டி முடித்துவிட்டார்கள். மாற்கு எழுதிய கதை அங்கே முடியவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று இயேசு சொன்னார். 11.2-ஐப் பார்த்துவிட்டு வந்த என்னால் அதை விட முடியவில்லை. மறுநாள் ஒரு கிண்ணம் கஞ்சியை மேடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தார்கள், முட்டையும் கீரையும் போட்டு. முன்வரிசையில் இருந்த அம்மாக்கள் அதில் என்ன போட்டது என்று தம்பியிடம் கேட்டார்கள்.

படம் பிடிப்பதில் மட்டும் கண்டிப்பு போதாது. மெலிந்த பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு படம் எடுத்துப் போடுவது, நம் பிள்ளையை யாராவது அப்படிச் செய்தால் நாம் பொறுப்போமா? பெரியவர்கள் சொன்ன பிறகு நிறுத்தினார்கள். முதல் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் காசுக்கு எனக்குக் கிடைத்த மிக நல்ல ஒரு மணி நேரம் மூன்றாம் நாள் மதியம். முப்பது அம்மாக்களும் பாட்டிகளும் உட்கார்ந்தார்கள். ஒரு லிட்டர் என்றால் எவ்வளவு என்று காட்ட அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில் இரண்டை எடுத்தோம், ஏனென்றால் அது எல்லார் வீட்டிலும் இருக்கும். இரண்டு பாட்டில் கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு பெரிய பொட்டலம், 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் இல்லாத நாளில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. பேதி நின்றாலும் துத்தநாக மாத்திரையை 10 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். ஒவ்வொருவரும் கரைத்து, தாங்களே ருசி பார்த்து, கண்ணீர் உப்பைவிடக் கூடுதலாக உப்புக் கரிக்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்னை லோக் யீய், பாட்டியம்மா, என்று கூப்பிட்ட ஒரு பெண் நான் சொன்னதை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டினார், ஒரு எழுத்து தவறாமல்.

வாலிபர்களை அனுப்பலாம், 16 வயசுக்கு மேல் என்றால் தாராளமாக. சர்க்கரை, இதய நோய் உள்ள பெரியவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள், வெயில் கடுமை. அனாதை இல்லத்துக்குப் போய் ஒரு மணி நேரம் பிள்ளைகளைக் கொஞ்சிவிட்டு வரும் பயணங்களும் உண்டு. கம்போடியாவில் அப்படி இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். அந்த மாதிரிப் பயணத்துக்குக் காசு கட்டாதீர்கள். இது அப்படிப்பட்டதல்ல.

அடுத்த பயணத்துக்கு அதே முதல் கிராமத்துக்கே போவது என்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. பெயர் கொடுப்பவர்கள் சபை அலுவலகத்தில் கொடுக்கலாம். பொருள் கொடுக்க நினைப்பவர்கள் மருந்து வாங்காமல் காசாகக் கொடுங்கள். பாட்டிகளின் வண்டிக் கூலிக்கு ஒரு தனிக் கவர் வைத்திருக்கிறோம். தராசு யாரும் வாங்க வேண்டாம். போன தடவை கொண்டுபோனதை அந்தக் கிராமத்துச் சுகாதாரத் தொண்டரிடமே விட்டுவிட்டு வந்தோம், கைலியோடு.