எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா: சித்தூர் தாலுகா தையல்காரி பார்த்த பள்ளிகள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தையல்கடை வைத்திருக்கிறேன். ஜூன் வந்தால் இரண்டு மாநிலத்து யூனிஃபார்மும் என் மெஷினுக்கு வரும். கேரளத்தில் சின்ன வகுப்புகளுக்குக் கைத்தறித் துணியாகவே கொடுக்கிறார்கள், நான் தைக்க வேண்டும். கோபாலபுரம் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் தைத்தே கொடுத்துவிடுகிறார்கள், ஒல்லிப் பிள்ளைகளுக்கு இடுப்பைப் பிடித்துக் கொடுத்தால் போதும். "அக்கா, எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம்?" என்று துணியோடு இந்தக் கேள்வியும் வருவதால் எழுதுகிறேன்.

படிப்பு என்று பார்த்தால் என் ஓட்டு இந்தப் பக்கத்துக்குத்தான். தமிழ் மீடியத்திலேயே எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கலாம். பத்தாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் தனித்தனித் தேர்வு. இந்தி உண்டு, ஐ.டி.யும் ஒரு பாடம். வகுப்பிலேயே புரொஜெக்டர், லேப்டாப். அந்தப் பக்கம் ஐந்தே பாடம், ஐந்நூறு மதிப்பெண், அறிவியல் ஒன்றாகவே வரும். பிள்ளைக்குச் சுமை குறைவு என்பார்கள். சரி, ஆனால் பிளஸ் ஒன்னில் சயின்ஸ் எடுக்கிற பிள்ளைக்கு மூன்றையும் தனித்தனியாகப் படித்த பழக்கம் கைகொடுக்கும்.

குறையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் மீடியம் கணக்குக்கு ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் ஓடியது. பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டத்து நோட்டீஸ் மலையாளத்தில் வரும், பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வேன். பத்துக்கு அப்புறம்தான் பெரிய தலைவலி. பிளஸ் ஒன் சயின்ஸ் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். வடகேரளத்து மலபார் மாவட்டங்களில் வருஷா வருஷம் நடக்கும் பிளஸ் ஒன் சீட் அடிதடியில் எங்கள் பாலக்காடும் உண்டு. அந்தப் பக்கம் பன்னிரண்டு வரை தமிழிலேயே படிக்கலாம்.

சாப்பாட்டில் அந்தப் பக்கம் ஜெயிக்கிறது. அங்கே பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, பள்ளி நாளெல்லாம் முட்டை. இங்கே எட்டோடு நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் பசி அதிகம், அது யாருக்குத் தெரிகிறது?

சலுகைக்காக மாற்ற நினைப்பவர்கள் கணக்கை முன்னாலேயே போடுங்கள். தமிழ்நாட்டின் புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். 2020-இல் வந்த 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடும் இருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை, ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருப்பது (புதுமைப்பெண்ணுக்கு அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் மீடியம் படித்திருந்தாலும் சரி). "எட்டில் மாத்திக்கலாம்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். தாண்டுவதென்றால் ஐந்து முடிந்ததும் தாண்டிவிட வேண்டும். மருத்துவத்துக்கு இருப்பிடச் சான்றுப் பிரச்சினையும் தனியாக வரும். ரேஷன் கார்டு கேரளத்தில் இருக்கிற வீட்டுக்காரர்கள் அதை விசாரித்துவிட்டு டி.சி. வாங்குங்கள்.

தைப்பொங்கல் லீவு போய்விடுமோ என்று கேட்கிறார்கள். பாலக்காடு மாவட்டத்துக்கு அன்றைக்கு விடுமுறை உண்டு, கவலை வேண்டாம்.

என் மகள் ஐந்து முடித்தாள். இந்தப் பக்கமே ஆறில் சேர்த்துவிட்டேன். தமிழ் மீடியம்தான். மாமியாருக்கு அந்த ஆயிரம் ரூபாய் இன்னும் மனதில் நிற்கிறது. ஆனால் தினமும் பொள்ளாச்சி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வருவது பத்து வயசுப் பிள்ளைக்கு ஆகாது. வேட்டைக்காரன்புதூர், ஆனைமலைப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க வசதி உள்ளவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்கள் தாராளமாக அங்கே சேர்க்கலாம்.