‘இதயம் பலவீனமானவர்கள் வர வேண்டாம்’ என்ற போஸ்டரை நம்பாதீர்கள்

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பேய்ப்படப் பிரியர்களுக்கு: ‘சிறப்புப் பேய் இரவுக் காட்சி’ என்று மறுபடியும் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பணம் கட்டும் முன் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிடுங்கள். படத்தின் பெயரோ தியேட்டரின் பெயரோ சொல்லப்போவதில்லை. விளம்பரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

‘வால்பாறை மலைச்சாலையில் நடந்த உண்மைச் சம்பவம்’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பொள்ளாச்சிக்காரனை இழுக்க வேறென்ன வேண்டும்? அக்கா மகனும் நானும் கிளம்பிவிட்டோம். தலைக்கு 450 ரூபாய். கையில் கொடுத்த டிக்கெட்டில் 190 என்றுதான் அச்சாகியிருந்தது. மீதி பாப்கார்னுக்கும் குளிர்பானத்துக்குமாம். அவை வேண்டாம், டிக்கெட் மட்டும் போதும் என்றதற்கு, “அப்படித் தருவதில்லைங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

வாசலில் ஒரு ஆம்புலன்ஸ். படம் பார்த்து யாராவது மயங்கி விழுந்தால் தூக்கிப் போகவாம். எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் சீட்டைச் சாய்த்துப்போட்டு, வண்டியிலேயே கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தார். “அண்ணா, படம் முடியும்வரை இருப்பீர்களா?” என்று மாப்பிள்ளை கேட்டான். “பத்தரை வரைக்கும்தானுங்க வாடகை பேசியிருக்கிறார்கள்” என்றார். படம் தொடங்கியதே பத்து மணிக்கு. இடைவேளையில் வெளியே வந்து பார்த்தோம், வண்டி இல்லை. மயங்க நினைப்பவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள் மயங்கியாக வேண்டும்!

இது பழைய வித்தைதான். 1958இல் வில்லியம் காசில் என்ற அமெரிக்க இயக்குநர், தன் படத்தைப் பார்த்துப் பயந்து செத்தால் 1,000 டாலர் என்று காப்பீடு எடுத்து, தியேட்டரில் நர்ஸுகளையும் நிறுத்தினார். அவராவது நர்ஸுகளைப் பத்தரைக்கு வீட்டுக்கு அனுப்பவில்லை என்று நம்புகிறேன்.

படத்துக்கு வருகிறேன். தணிக்கைச் சான்றிதழில் யுஏ 13+ என்று இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்க்கலாம் என்று வாரியமே சொல்லும் படத்துக்குத்தான் வெளியே இதய நோயாளிகளுக்கு எச்சரிக்கை. அடுத்து, ‘இதில் வரும் பெயர்களும் சம்பவங்களும் யாவும் கற்பனையே’ என்று ஒரு அட்டை. உண்மைச் சம்பவம் போஸ்டரோடு முடிந்தது.

அதன் பிறகு வந்ததுதான் கொடுமை. கதாநாயகியின் கார் பனிமூட்டத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்கிறது. பின்னால் ஏதோ நகர்கிறது. முகப்பு விளக்கு வெளிச்சத்தில் வளைவுப் பலகை பளிச்சென்று தெரிகிறது: 36/36. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறினால் 40 வளைவு என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். 36 என்பது மசினகுடியிலிருந்து ஊட்டி ஏறும் கல்லட்டிச் சாலைக் கணக்கு. பின்வரிசையிலிருந்து யாரோ, “அம்மணி, வழி தவறி நீலகிரிக்குப் போய்விட்டாயே!” என்று கத்த, தியேட்டரே சிரித்தது. பேய் வந்தபோதும் சிரிப்பு அடங்கவில்லை. மற்றபடி, கதவு திறந்தால் ஒரு இரைச்சல், பூனை வந்தால் ஒரு இரைச்சல். காதுவலிதான் மிச்சம். 2009இல் வந்த ‘யாவரும் நலம்’ படத்தில் நாயகன் தனியாக ஏறினால் மட்டும் லிஃப்ட் நகராது. ரத்தமோ கூச்சலோ இல்லாமல் அதற்கே வயிறு கலங்கியது.

விளம்பரத்தில் சொன்னது படத்தில் இல்லை என்று வழக்குப் போடலாமா என்று மாப்பிள்ளை கேட்டான். அதில் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள். 2016இல் வந்த ஒரு இந்திப் படத்தின் முன்னோட்டத்தில் இருந்த பாட்டு படத்தில் இல்லையென்று ஒருவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் 10,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவு பெற்றார். முன்னோட்டம் என்பது வாக்குறுதி ஆகாது என்று சொல்லி, 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது.

ஆனால் வேண்டாம் என்றவர் தலையில் பாப்கார்னைக் கட்டுவது வேறு விஷயம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் அதைப் புகாராகப் பதிவு செய்திருக்கிறேன். பதில் வந்தால் எழுதுகிறேன். அதே காட்சிக்கு வந்தவர்கள், டிக்கெட்டையும் பணம் கட்டிய ரசீதையும் தூக்கிப் போட்டிருக்காவிட்டால், நீங்களும் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.