பனியன் ஊர்க்காரனின் பனி ராத்திரிகள்: ஒரு ஸ்லீப்பிங் பேக், ஒரு பாய், ஒரு ஜிப்

டிசம்பர் கடைசி வாரம் உத்தராகண்டில் கேதார்கந்தா ஏறிவிட்டு வந்தோம். நான், மச்சான், காலேஜ் படிக்கும் மச்சான் மகள். டேராடூனிலிருந்து சாங்க்ரி கிராமத்துக்கு ஒரு பகல் முழுக்க வண்டி, அங்கிருந்து நடை. உச்சி 12,500 அடி. மூன்று ராத்திரி டென்டில். மலையின் அழகை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது கொண்டுபோன சாமான்களைப் பற்றி. திருப்பூரில் பதினெட்டு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை பார்க்கிறேன். லேபிள் படிப்பதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் முதல் ராத்திரியே ஒரு லேபிளிடம் ஏமாந்தேன்.

ஸ்லீப்பிங் பேக்கை, அதாவது உள்ளே புகுந்து தூங்குகிற பையை, ஆன்லைனில் வாங்கினேன், 7,400 ரூபாய். உள்ளே சிந்தெடிக் ஃபைபர். படத்தில் மைனஸ் 22 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நாங்கள் போகிற இடத்தில் மைனஸ் 10 வரை போகலாம் என்றார்கள். அப்படியானால் தாராளம், பன்னிரண்டு டிகிரி மிச்சம் என்று கணக்குப் போட்டேன். பையின் உள்பக்கம் தைத்திருந்த சின்னப் பட்டையில் மூன்று எண்கள் இருந்ததை ஜுடா கா தாலாப் முகாமில், ஹெட்லேம்ப் வெளிச்சத்தில், பல் கிடுகிடுக்கும்போதுதான் படித்தேன். கம்ஃபர்ட் 0, லிமிட் மைனஸ் 6, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 22.

இந்த மூன்றுக்கும் ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலையில் தனித்தனி அர்த்தம் இருக்கிறது. கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய அளவு. லிமிட் என்பது ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் ஓட்டிவிடக்கூடியது. எக்ஸ்ட்ரீம் என்றால் ஆறு மணி நேரம் உயிர் போகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். தூக்கத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆக, விற்றவர் பொய் சொல்லவில்லை. தனக்குப் பிடித்த எண்ணைப் பெரிதாகப் போட்டுக்கொண்டார். வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பாருங்கள். போகிற இடத்தின் ராத்திரிக் குளிரைவிட அது நாலைந்து டிகிரி கீழே இருந்தால் நல்லது.

ஆனால் அன்று என்னை வாட்டியது பை மட்டும் இல்லை என்று மறுநாள் ராத்திரிதான் புரிந்தது. முதுகும் இடுப்பும் ஐஸ்கட்டி மாதிரி இருக்க, நெஞ்சுப் பக்கம் பரவாயில்லாமல் இருந்தது. யோசித்தால் எங்கள் தொழில் பாடம்தான். சூடு கொடுப்பது பஞ்சு இல்லை, பஞ்சுக்கு நடுவே சிக்கி நிற்கிற காற்று. என் எழுபத்தெட்டு கிலோவும் அமுங்கிய இடத்தில் பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடுகிறது. அப்புறம் அடியில் இருப்பது வெறும் இரண்டு நைலான் துணி, அதற்குக் கீழே பனி. பையைச் சோதிக்கும் சோதனைக்கூடத்திலேயே பொம்மைக்கு உள்ளாடை போட்டு, அடியில் மேட் விரித்துத்தான் சோதிக்கிறார்களாம். நான் பைக்கு 7,400 கொடுத்துவிட்டு, மேட் முகாமில் தருவார்கள் என்று கைவீசிப் போனவன். தந்தார்கள். சப்பாத்தி போலத் தட்டையாகிப்போன, பல பேர் படுத்த மேட்.

மச்சான் மகள் புத்திசாலி. 850 ரூபாய்க்கு மடிக்கிற ஃபோம் மேட் ஒன்று கொண்டுவந்திருந்தாள். “மாமா, நாளைக்கு நீங்க இத வெச்சுக்கங்க, நான் ரெண்டு கேம்ப் மேட் போட்டுக்கறேன்” என்றாள். பேஸ் கேம்பில் முகாம் மேட்டின்மேல் அவளுடைய ஃபோமை விரித்துப் படுத்தேன். வெளியே தொங்கவிட்ட தெர்மாமீட்டரில் மைனஸ் 7. நான்கு மணி நேரம் முழிப்பே இல்லை. பை அதே பைதான்.

மேட்டுக்கு ஆர்-வேல்யூ என்று ஒரு எண் உண்டு, குளிரை எவ்வளவு தடுக்கும் என்பதற்கு. மடிக்கிற ஃபோமுக்கு 2 வாக்கில் இருக்கும். பனிமேல் படுக்க 4, 5 வேண்டும். காற்றடைக்கிற நல்ல மேட்டில் அது கிடைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். நல்ல செய்தி, ஒன்றின்மேல் ஒன்று போட்டால் எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். கையில் 8,000 ரூபாய் இருந்தால் நான் இப்போது முதலில் மேட்டுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்குத்தான் பை பார்ப்பேன்.

அடுத்தது உடுப்பு. இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. பருத்தியில் பிழைக்கிற ஊர்க்காரன், பருத்தியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்கிறேன். நூல் வாங்குகிறவர்களுக்குத் தெரியும்: பருத்தியின் ஈரப்பிடிப்பு 8.5 சதவீதம், பாலியஸ்டருக்கு 0.4. ஏறும்போது வேர்க்கும், பனியன் அதைக் குடித்து வைத்துக்கொள்ளும், நின்றதும் அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். கம்பளி பருத்தியைவிட அதிகமாகவே ஈரம் பிடிக்கும், ஆனால் அதன் சுருள் நூல் நனைந்தாலும் காற்றை விடாது. அதனால் காலுக்குக் கம்பளி சாக்ஸ், ஒன்று மட்டும். மச்சான் மூன்று சாக்ஸ் போட்டு ஷூவுக்குள் காலைத் திணித்தார். ரத்தம் ஓட இடமில்லாமல் அவருக்குத்தான் விரல் மரத்தது.

இந்தப் பயணத்தில் காசுக்கு மேல் உழைத்த சாமான் எதுவென்றால், எங்கள் ஊர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சக் குவியலில் கிளறி எடுத்த போலார் ஃப்ளீஸ், அதாவது புசுபுசுவென்ற பாலியஸ்டர் மேல்சட்டை. 260 ரூபாய். ஒரு தோள் தையல் கோணல், அதனால் கழித்துவிட்டிருக்கிறார்கள். மூன்று நாளும் கழற்றவில்லை. நாம் அனுப்புகிற இதே சரக்கைப் பிராண்டு பெயரோடு 2,500-க்கு விற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஷூ, கெய்ட்டர் (ஷூவுக்குள் பனி போகாமல் காலில் சுற்றுகிற உறை), மைக்ரோ ஸ்பைக் (வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டுகிற முள்), தடித்த ஜாக்கெட் எல்லாம் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. ஒரு தடவைக்காக இவற்றை வாங்க வேண்டாம். ஆனால் கடையிலேயே போட்டு நடந்து பாருங்கள். ஸ்பைக்கின் ரப்பரை இழுத்துப் பாருங்கள். எனக்கு வந்த ஒன்று உச்சிக்குப் போகிற வழியில் அறுந்து, கயிறு போட்டுக் கட்டி ஏறினேன். ஜாக்கெட்டில் விறகுப் புகை வாசம். அது பழகிவிடும்.

சில சில்லறை விஷயங்கள். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும், மூடி தப்பிக்கும். போன், ஹெட்லேம்ப் பேட்டரி இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு தூங்குங்கள். டென்டின் காற்று ஜன்னலைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். நாங்கள் அடைத்தோம். மூன்று பேர் மூச்சும் கூரையில் உறைந்து, காலையில் டென்டைத் தட்டியதும் சர்க்கரை மாதிரி எங்கள் மேலேயே கொட்டியது.

மறுபடி அந்தப் பைக்கே வருகிறேன், ஒரு குறை பாக்கி. ஜிப். ராத்திரி இரண்டு மணிக்கு வெளியே போக அவசரம், ஜிப் துணியைக் கவ்விக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. கையுறையைக் கழற்றி, ஒவ்வொரு பல்லாக விடுவிக்க ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஜிப்புக்குப் பக்கத்தில் ஒரு விறைப்பான டேப் வைத்துத் தைத்திருந்தால் இது நடக்காது. ஒரு பீஸுக்கு நாலு ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

ஊருக்கு வந்ததும் எங்கள் சாம்பிள் செக்‌ஷன் டெய்லரிடம் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் இரண்டு பக்கமும் டேப் ஓட்டிக் கொடுத்துவிட்டார். பையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, “என்ன வெலைக்குங்க சார் வாங்குனீங்க?” என்றார். இரண்டாயிரம் என்றேன். “ரெண்டாயிரமா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.