கேனனெட் மீட்டரும் காது மெஷின் பேட்டரியும்

கேனனெட் கியூஎல்17 ஜி3 என் கைக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. 1972-இல் வெளிவந்த ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா, அதாவது லென்ஸ் வழியாக அல்லாமல் தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமரா. ஷட்டர் வேகத்தை நாம் வைத்தால் போதும், உள்ளே இருக்கும், வெளிச்சத்தை அளக்கும் சிடிஎஸ் மீட்டரைப் பார்த்து அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) கேமராவே வைத்துக்கொள்ளும்.

முதல் நான்கு ரோலும் நெகட்டிவ் வெளிறிப்போய் வந்தது. லேப்காரர் மேல் சந்தேகப்பட்டேன். தப்பு என்னுடையதுதான். இந்த மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தது. அது இப்போது விற்பனையில் இல்லை. நான் போட்டிருந்தது 1.5 வோல்ட் அல்கலைன். வோல்டேஜ் கூடினால் மீட்டர் முள் கூடுதலாக ஏறும். வெளிச்சம் நிறைய இருப்பதாக நினைத்துக் கேமரா அபெர்ச்சரைச் சுருக்கிவிடும். சரி, ஏஎஸ்ஏ-வை (ஃபிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் எண்ணை) குறைத்து ஈடுகட்டலாம் என்றால், அல்கலைன் தீரத் தீர வோல்டேஜும் இறங்கிக்கொண்டே போகும். எந்தக் கணக்கும் நிற்காது.

அப்புறம்தான் காது மெஷினில் போடும் 675 ஸிங்க்-ஏர் பேட்டரிக்கு மாறினேன். 1.4 வோல்ட், கடைசிவரை அநேகமாக அதே அளவு. அளவில் சின்னது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். காற்றை அடைத்திருக்கும் ஸ்டிக்கரை உரித்த பிறகு, படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சில மாதங்களில் காய்ந்துவிடும்.

மீட்டரின் கண் லென்ஸைச் சுற்றிய வளையத்துக்குள்ளேயே இருப்பது எனக்குப் பெரிய வசதி. மஞ்சள் ஃபில்டர் மாட்டினால் கண்ணையும் சேர்த்தே மூடும், ஃபில்டர் தின்னும் வெளிச்சத்துக்குத் தனிக் கணக்கு வேண்டாம். யாஷிகா எலக்ட்ரோ 35-இல் கண் உடம்பில் இருக்கிறது. அங்கே நாம்தான் ஏஎஸ்ஏ-வை மாற்ற வேண்டும். இன்னொன்று, லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தால் வியூஃபைண்டரில் தெரியும் முள் சிவப்புப் பகுதியில் விழுந்து ஷட்டர் பூட்டிக்கொள்ளும். ரேஞ்ச்ஃபைண்டரில் வியூஃபைண்டர் தனி என்பதால் மூடி இருப்பது கண்ணுக்கே தெரியாது. எத்தனை ஃபிரேம் இதனால் பிழைத்தது!

உச்சி வெயிலில் 400 ஏஎஸ்ஏ ஃபிலிமோடு 1/250 வைத்தாலும் வெளிச்சம் மிஞ்சி அதே பூட்டுதான். 1/500, எஃப் 16 வரை போயாக வேண்டும். பின்னால் வானம் பளீரென்று இருந்தால் மீட்டர் ஏமாறும்; அதனால் கேமராவைத் தரைப்பக்கம் சாய்த்து, பட்டனைப் பாதி அழுத்தி அந்த அளவைப் பிடித்துக்கொண்டு ஃபிரேமுக்குத் திரும்புவேன்.

ஒரே மனக்குறை, அபெர்ச்சர் வளையத்தை 'ஏ'-யிலிருந்து (ஆட்டோ) நகர்த்தினால் மீட்டர் அணைந்துவிடும். மேனுவலில் எடுக்கும்போது என் சொந்தக் கண் மதிப்புதான் கதி. நண்பரின் லைக்கா எம்6-இல் மேனுவலிலேயே இரண்டு சிவப்பு முக்கோணம் வழிகாட்டுகிறது. விலையைக் கேட்டதும் கேனனெட்டையே துடைத்து வைத்துக்கொண்டேன்.

மெடிக்கல் கடைக்காரர் போன வாரமும் கேட்டார்: "அப்பாவுக்குக் காது இப்போ பரவாயில்லையா சார்?"