லேத்துக்கு ஸ்டார்ட்டர் மாற்றினால், காசு கொடுக்கும் முன் மெயினை அணைத்துப் போட்டுப் பாருங்கள்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் சின்னதாகப் பட்டறை வைத்து ஜாப் வொர்க் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மரப் பட்டறை, மாவு மில், கிரில் வேலை என்று த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓட்டும் எல்லோருக்கும் இது பொருந்தும். எங்கள் லேத்தின் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின்) ஸ்டார்ட்டரை மாற்ற வந்தவர்கள், புது ஸ்டார்ட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு, ஸ்டார்ட்டர் செய்யவேண்டிய பாதுகாப்பு வேலை எதையும் செய்யாத ஒரு டப்பாவை மாட்டிவிட்டுப் போனார்கள். மெஷின் ஓடியது. அதுதான் இதில் மோசம். ஓடாமல் இருந்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டிருப்போம்.

கடையின் பெயரை எழுதவில்லை. இன்பாக்ஸில் கேட்டாலும் சொல்ல மாட்டேன், விவகாரம் வக்கீல் நோட்டீஸ் வரை போயிருக்கிறது.

எங்களுடையது பழைய பெல்ட் லேத். 3 எச்பி மோட்டார், நேம் பிளேட்டில் 4.7 ஆம்ப்பியர் என்று போட்டிருக்கும். பச்சை பட்டன், சிவப்பு பட்டன் வைத்து, மோட்டாரை நேராக லைனில் இணைக்கும் சாதாரண டிஓஎல் ஸ்டார்ட்டர்தான் பல வருஷமாக இருந்தது. ஒரு நாள் காலையில் பச்சையை அமுக்கினால் 'டக்' சத்தமே வரவில்லை. மூடியைக் கழற்றினால் கருகிய வாடை. ஏரியாவில் தெரிந்த எலக்ட்ரிக்கல் கடைக்கு போன் போட்டேன். வந்த பையன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "மொத்தமாப் போச்சுங்ண்ணா, புதுசுதான் போடணும்" என்றான்.

போனது, உள்ளே காந்தமாகிக் காண்டாக்டை இழுத்துப் பிடிக்கும் காயில் மட்டும்தான் என்று பிறகு தெரிந்தது. இந்த மாதிரி ஸ்டார்ட்டருக்குக் காயில் தனியாக, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கரண்ட்டைச் சேர்த்துப் பிரிக்கும் முனைகளான காண்டாக்ட் கிட்டும் தனியாக வாங்கலாம். பழைய ஸ்டார்ட்டரை அவன் "ஸ்கிராப்புக்குத்தான் ஆகும்" என்று பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனான். நல்ல காண்டாக்ட், நல்ல ரிலே, கெட்டியான இரும்புப் பெட்டி. அது எந்தப் பட்டறைச் சுவரில் புதுசு என்ற பெயரில் தொங்குகிறதோ.

புதிதாக வைத்ததில் பட்டனே கிடையாது. முன்னால் ஒரு திருகு குமிழ். இந்தப் பக்கம் திருப்பினால் ஓடும், அந்தப் பக்கம் திருப்பினால் நிற்கும். "புது மாடலுங்ண்ணா, இப்ப எல்லாம் இப்படித்தான் வருது" என்றான். கடைக்காரர் போனில், "25 ஆம்ப்பியர் காண்டாக்டர் போட்டிருக்கோம், உங்க மோட்டாருக்கு அஞ்சு மடங்கு தாங்கும்" என்று பெருமையாகச் சொன்னார். காண்டாக்டர் என்பது, காயில் இழுத்ததும் சேர்ந்து மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச். அந்த 25, ஹீட்டர் மாதிரி லோடுக்கு எழுதும் ஏசி-1 கணக்கு. மோட்டாருக்குப் பார்க்கவேண்டியது ஏசி-3 கணக்கு. அதே காண்டாக்டர் அந்தக் கணக்கில் 9 ஆம்ப்பியர்தான். எங்கள் மோட்டாருக்கு 9 தாராளமாகப் போதும், அதில் குறையில்லை. ஆனால் போதுமானதற்கே ஒரு பொய் சொல்கிறவர், போதாததற்கு என்ன சொல்வார் என்று பாருங்கள்.

பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டா 18 சதவீதம் கூடுமே" என்று சொல்லி ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஐயாயிரத்தை ஒட்டிய தொகையை ஜிபேயில் அனுப்பினேன். இந்த ஜிபே விஷயம் பின்னால் உதவியது.

கொஞ்ச நாள் கழித்து மோட்டார் உறுமிக்கொண்டு வேகம் குறைந்து ஓடியது. அணைப்பதற்குள் வார்னிஷ் கருகும் வாடை வந்துவிட்டது. மெயின் போர்டில் ஒரு ஃபேஸின் ஃபியூஸ் போயிருந்தது. மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயிலைக் கட்டித் தரும் கடையில் மூடியைக் கழற்றியதும் அங்கிருந்த பெரியவர் சொல்லிவிட்டார்: "தம்பி, இது சிங்கிள் ஃபேஸிங்." ஸ்டாராக, அதாவது மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிய மோட்டாரில் மூன்று செட் சுருளில் இரண்டு கரிக்கட்டையாகவும் மூன்றாவது புதுசு போலவும் இருந்தால் வேறு காரணமே தேடவேண்டாமாம். ஒரு ஃபேஸ் போனதும் மோட்டார் உடனே நின்றுவிடாது. மீதி இரண்டில் ஏறக்குறைய 1.7 மடங்கு கரண்ட்டை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அந்த நேரத்தில், கரண்ட் அதிகமானால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலே தட்டிவிட வேண்டும். "உங்க ரிலே என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று அவர் கேட்டார்.

அதையே கடைக்காரரிடம் கேட்டேன். வோல்டேஜ் சரியில்லை, லோடு அதிகம், மோட்டார் பழசு என்று வரிசையாக வந்தது. பையன் வந்து மூடியைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் எதையோ திருப்பிவிட்டு, "ரிலே அட்ஜஸ்ட் பண்ணியாச்சு" என்றான். அதற்கு சர்வீஸ் சார்ஜும் வாங்கினான்!

அப்புறம் நடந்ததுதான் இதை எழுத வைத்தது. லேத் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. எங்கள் ஆள் ஜாப்பைக் (கடையும் துண்டை) கழற்றலாம் என்று, அதைப் பிடித்துச் சுற்றும் சக்கில் சக் கீயைப் (சக்கைத் தளர்த்தும் சாவியை) போட்டு ஒரு சுற்று தளர்த்தினான். பின்னால் பெஞ்சிலிருந்த, அளவு பார்க்கும் வெர்னியரை எடுக்கத் திரும்பினான். அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்தது. யாரும் எதையும் தொடவில்லை, லேத் தானாகச் சுற்றியது. சக் கீ பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்ச் சுவரின் தகரத்தில் அடித்தது. நெஞ்சு உயரத்தில் தகரம் உள்வாங்கிக் கிடந்தது. ஒரு நொடி முன்னால் அவன் நின்றிருந்தது சக்குக்கும் அந்தத் தகரத்துக்கும் நடுவில்.

சக் கீயைச் சக்கிலேயே விடலாமா என்று கமெண்ட்டில் பாடம் எடுக்க வருபவர்களுக்கு: கூடாதுதான், மெயினையும் அணைத்திருக்க வேண்டும்தான். ஆனால் மனிதன் ஒரு நாள் மறப்பான் என்று தெரிந்துதான் ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் காண்டாக்டர் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அமுக்கும் வரை மெஷின் அசையக் கூடாது.

தெருவில் மில்லில் வேலை பார்த்து ரிட்டயரான ஒயர்மேன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்தோம். முதலில் மெயினை அணைத்து, மூன்று ஃபியூஸ் கேரியரையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். டெஸ்டரை உயிருள்ள லைனில் ஒரு முறை வைத்து அது எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் எங்கள் லைனில் வைத்தார். இந்த நிதானத்தைப் பார்த்தபோதே அந்தப் பையன் பத்து நிமிஷத்தில் முடித்த வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

உள்ளே குமிழிலிருந்து வந்த ஒயர் நேராகக் காயிலின் ஒரு முனையான ஏ1-க்குப் போயிருந்தது. காண்டாக்டரில் 13, 14 என்று இரண்டு முனை இருக்கும். பச்சை பட்டனிலிருந்து கையை எடுத்த பிறகு காயிலைப் பிடித்து வைப்பது அந்தத் துணைக் காண்டாக்ட்தான். அதன் ஸ்க்ரூவில் கீறல்கூட இல்லை, யாரும் தொட்டதே கிடையாது. குமிழ் 'ஆன்' பக்கம் திரும்பிக் கிடக்கும் வரை, கரண்ட் எப்போது வந்தாலும் மெஷின் ஓடும். கம்ப்ரஸருக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் தானாக ஓடவேண்டும் என்பதற்காகத் தெரிந்தே இப்படிக் கொடுப்பார்கள். அது தப்பில்லை. கையும் விரலும் பக்கத்திலேயே இருக்கும் லேத்துக்கும் ரம்பத்துக்கும் பிரஸ்ஸுக்கும் இப்படிக் கொடுப்பவனை எலக்ட்ரீஷியன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ரிலே கதை இதைவிட மோசம். ஓவர்லோட் ரிலேயில் 95, 96 என்று ஒரு ஜோடி உண்டு. ரிலே சூடாகித் தட்டும்போது அந்த ஜோடி திறந்து, காயிலுக்குப் போகும் கரண்ட்டை அறுக்கும். அதாவது காயில் ஒயர் அதன் வழியாகத்தான் போகவேண்டும். எங்கள் டப்பாவில் 95-96 இரண்டும் காலி. ரிலே உள்ளுக்குள் எத்தனை முறை தட்டினாலும் காண்டாக்டருக்குத் தகவலே போகாது. சரி, ஒயர் கொடுத்திருந்தாலாவது தட்டியிருக்குமா என்றால் அதுவும் இல்லை. ரிலேயின் ரேஞ்ச் 9-14 ஆம்ப்பியர். எங்கள் மோட்டார் ஒரு ஃபேஸ் போய் 1.7 மடங்கு இழுத்தாலும் 8 ஆம்ப்பியர்தான் வரும். அவன் 'அட்ஜஸ்ட்' செய்ததெல்லாம் எதுவோடும் சேராத ஒரு திருகு.

மோட்டார் பாடிக்கு வரும் எர்த் ஒயரை வெட்டி, மடித்து, டப்பாவின் மூலையில் சொருகியிருந்தான். த்ரீ ஃபேஸ் மோட்டார் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இருக்கவேண்டும் என்பது மின் விதி. இருந்த ஒன்றும் போயிருந்தது. காண்டாக்டர் பெரிய கம்பெனி பெயர் போட்ட டூப்ளிகேட். லேபிளை நகத்தால் கீறினால் எழுத்து உரிந்து வந்தது. முனைகள் அதற்குள் கறுத்துக் குழி விழுந்திருந்தன.

ஒயர்மேன் பெரியவர் சொன்னபடி 415 வோல்ட் காயில், 4-6.5 ரேஞ்ச் ரிலே, பச்சை-சிவப்பு பட்டன் வைத்த ஸ்டார்ட்டரை பில்லோடு வாங்கி வந்தேன். அவரே மாட்டிக் கொடுத்தார். ரிலேயை நேம் பிளேட்டில் உள்ள 4.7-க்கு வைத்தார். அவர் செய்து காட்டிய சோதனைகளை நீங்களும் செய்யச் சொல்லுங்கள். மோட்டார் ஓடும்போது மெயினை அணைத்து, சக் முழுதாக நின்றபின் திரும்பப் போடவேண்டும். மெஷின் செத்தது போலக் கிடக்கவேண்டும். அடுத்து, ஓடும்போதே ரிலேயில் உள்ள டெஸ்ட் பட்டனைத் தட்டவேண்டும். உடனே நிற்கவேண்டும். நிற்கவில்லை என்றால் 95-96-ல் ஒயர் இல்லை என்று அர்த்தம். சக் சரியான பக்கம் சுற்றுகிறதா என்றும் பாருங்கள். திருகிப் போட்ட சக் உள்ள பழைய லேத்தில் தலைகீழாகச் சுற்றினால் சக்கே கழன்றுவிடும். மாற்றிச் சுற்ற இரண்டு ஃபேஸை இடம் மாற்றினால் போதும். ஒயரைச் சுற்றிக் கவ்விக் கரண்ட் அளக்கும் டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸிலும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றாக வருகிறதா என்று பார்ப்பது கடைசி. சிலர் ஓடும்போதே ஃபியூஸை உருவி சிங்கிள் ஃபேஸிங் சோதனை காட்டுவார்கள். அந்த வீரத்தை அனுமதிக்காதீர்கள்.

பழைய பொருளை என்ன சொன்னாலும் கொடுத்தனுப்ப வேண்டாம். மாற்றும் முன்னும் பின்னும் டப்பா உள்ளே ஒரு போட்டோ எடுங்கள். வருபவரிடம் ஒயர்மேன் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நாமெல்லாம் வியாபாரம் செய்பவர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று பலர் சொன்னார்கள். அது அப்படியே உண்மையில்லை. சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வாங்கிய பொருள் என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நம்மையும் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடவேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியலாம். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டப்பாவின் போட்டோ எல்லாம் சேர்த்துத்தான் எங்கள் நோட்டீஸ் போனது.

நோட்டீஸ் போன பிறகு ஸ்டார்ட்டர் காசை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். மோட்டாருக்குக் காயில் கட்டிய செலவைப் பற்றிப் பேச்சில்லை, அதற்கு மனு தயாராகிறது. இதற்கிடையில், அதே ஆட்கள் முன்பு ஸ்விட்ச் மாற்றிய டிரில்லிங் மெஷினையும் ஒயர்மேன் பெரியவர் திறந்து பார்த்தார். ரிலே ரேஞ்ச் சரியாக இருந்தது. 95-96 அங்கேயும் காலி.