சிறுநீர் அயோடின் பரிசோதனை: குழுவுக்கு நல்லது, ஒரு குழந்தைக்குப் போதாது

உடலில் சேரும் அயோடினில் 90 சதவீதத்துக்கு மேல் சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் ஒரு பகுதியின் பள்ளிக் குழந்தைகளுக்குப் போதிய அயோடின் கிடைக்கிறதா என்று அறிய இதைவிட எளிய வழி இல்லை. ஊசி வேண்டாம், சில மில்லி சிறுநீர் போதும்.

ஆனால் இதையே தனிக் குழந்தைக்கான குறைபாட்டுச் சோதனையாக ஆய்வகங்கள் விற்பதை ஏற்க முடியாது. முந்தைய வேளை உணவையும் குடித்த தண்ணீரையும் பொறுத்து அளவு நாளுக்கு நாள் மாறும். லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று ஒரே ஒரு அறிக்கை வந்தால் பதறாதீர்கள். ஒருவரின் நிலையை ஓரளவு சொல்லவே வெவ்வேறு நாட்களில் எடுத்த 10 மாதிரிகள் வேண்டும். லிட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்ற எல்லை, குழுவின் இடைநிலை மதிப்புக்கானது, அதாவது எல்லோர் அளவையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவுக்கானது. 100-க்குக் கீழே உள்ள ஒவ்வொருவருக்கும் குறைபாடு என்று எண்ணுவது, படித்தவர்களும் செய்யும் தவறு.

மாதிரி எடுக்கும் இடத்தில் போவிடோன் அயோடின் (புண்ணுக்குப் போடும் கிருமிநாசினி) இருக்கவே கூடாது. ஒரு துளி பட்டாலும் முடிவு எகிறும். அயோடின் கலந்த ஸ்கேன் மருந்து அண்மையில் செலுத்தியிருந்தாலும் அப்படித்தான்.

உப்பைச் சோதிக்கும் துளிமருந்து கிட் இதற்கு மாற்றல்ல. நீலம் வந்தால் அயோடின் உண்டு, அவ்வளவே. அளவு அறிய ஆய்வகத்தில் செய்யும் டைட்ரேஷன் என்ற வேதியியல் சோதனைதான் வழி. உப்பில் அயோடினை அயோடேட், அயோடைடு என்ற இரு வடிவங்களில் சேர்ப்பார்கள்; அயோடேட்டுக்கான கிட், அயோடைடு சேர்த்த உப்பில் நிறமே காட்டாது.

கழுத்து வீக்கமோ வளர்ச்சிக் குறைவோ தெரிந்தால் இந்தப் பரிசோதனைக்குச் செலவழிக்காமல், மருத்துவரிடம் காட்டி டிஎஸ்ஹெச், டி4 என்ற தைராய்டு இரத்தப் பரிசோதனைகளைப் பாருங்கள்.