ஓவுலேஷன் ஸ்ட்ரிப்பும் ஒரு நோட்டும்: 14 மாத அனுபவம்

கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்த மூன்றாம் வருடம் குழந்தைக்கு முயற்சி செய்ய ஆரம்பித்தோம். போனில் இருந்த ஆப், பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாளைக் கருமுட்டை வெளிவரும் நாளாகக் காட்டியது. அதையே நம்பி ஐந்து மாதம் போனது. எனக்கோ 32 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ். அடுத்த பீரியட்ஸுக்கு ஏறக்குறைய 14 நாள் முன்புதான் கருமுட்டை வெளிவரும். அப்படியானால் என் கணக்கு 18ஆம் நாளை ஒட்டி வரும்.

அப்புறம்தான் பார்மசியில் ஓவுலேஷன் ஸ்ட்ரிப் வாங்கினேன். முட்டையை வெளிவரத் தூண்டும் எல்.ஹெச். ஹார்மோன் சிறுநீரில் ஏறுவதை அது காட்டும். ஏறிய 24 முதல் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். தினமும் மதியம் இரண்டு மணிக்குப் பார்ப்பேன். அதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைக் குறைத்துக்கொள்வேன். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பையும் செலோடேப் போட்டு நோட்டில் ஒட்டித் தேதி எழுதினேன். முதல் மாதம் மங்கலான கோட்டைப் பார்த்தே துள்ளிவிட்டேன். அது போதாது, சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டுக்குச் சமமாக, அல்லது அதைவிட அடர்த்தியாக விழ வேண்டும். பி.சி.ஓ.எஸ். என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள என் தங்கச்சிக்குப் பல நாள் அப்படி விழுந்து ஏமாற்றியது.

தெர்மாமீட்டரில் உடல் சூடு பார்த்தது மூன்று மாதம்தான். முட்டை வெளிவந்த பிறகுதான் உடல் சூடு லேசாக ஏறும். அதைப் பார்த்து நாள் குறிக்க முடியாது. டர்பன் ஜனவரிப் புழுக்கத்தில் தூக்கம் கெட்ட இரவுகளில் அளவும் தாறுமாறு.

நான் செய்த பெரிய தப்பு, கோடு அடர்த்தியாகட்டும் என்று காத்திருந்தது. விந்தணு ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும், முட்டைக்கு ஒரு நாள்தான். அதனால் முட்டை வெளிவருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். பிறகு 12ஆம் நாளிலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தோம். ‘இன்றைக்கே’ என்று அவரை நெருக்கிய மாதங்களில் வந்த சிடுசிடுப்பும் நின்றது.

ஒன்பதாம் மாதம் கோடு பளிச்சென்று விழுந்தபோது, தைப்பூசக் காவடிக்கு அவர் பத்து நாள் விரதம். தனிப் பாயில் படுக்கை. ஸ்ட்ரிப்பை ஒட்டும்போது அழுகை வந்தது. விரதத்தை விடச் சொல்ல மனம் வரவில்லை. அந்த மாதத்தை முருகனிடமே விட்டோம்.

ஒரு வருடம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். 35 வயதைத் தாண்டியவர்கள் ஆறு மாதத்திலேயே போக வேண்டும். நோட்டைப் பொறுமையாகப் புரட்டிய டாக்டர், எனக்கு ரத்தப் பரிசோதனையோடு அவருக்கும் விந்துப் பரிசோதனை எழுதினார். இரண்டிலும் குறையில்லை.

பதினான்காம் மாதம் நாள் தள்ளிப்போனது. டப்பாவில் மூன்று ஸ்ட்ரிப் மீதி இருக்கிறது.